வெளிநாட்டு நகரங்களுக்குச் செல்லும் வன்னிப் பெற்றோருக்காகவும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் வார இறுதிப் பதிப்பில் வெளிவரும் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளை நான் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எழுதுபவர்கள் அந்த நகரங்களை விரும்பித்தான் எழுதுகிறார்கள் என்பது வரிகளிலேயே தெரிகிறது. ஆனால் அவற்றை வாசித்துவிட்டு வன்னியிலிருந்து ஒருவர் பாரிஸுக்கோ லண்டனுக்கோ புறப்பட்டால் அவருக்கு அவை உதவுமா என்று கேட்டால், உதவாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோட்டல் அறைகளின் தரம், கடைத்தெருக்களின் விலை, கோபுரங்களின் உயரம், வாடகைக் காரின் கட்டணம் என்று அவை நீள்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் நான் அறிந்த பலரும் ஹோட்டலில் தங்குவதில்லை. அவர்கள் பேரப்பிள்ளை பிறந்ததற்கும், மகனின் புது வீடு குடிபுகுதலுக்கும், பல ஆண்டுகளாகக் காணாத சகோதரத்தைக் கண்டு வருவதற்கும் போகும், அறுபதைக் கடந்த தாய் தகப்பன்மார். அவர்களுக்காகவும் எழுதுங்கள் என்று கேட்பதற்கே இந்தக் கடிதம்.

இப்படிப் போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். அந்த நகரம் எப்படி என்று கேட்டால் மகளின் வீட்டைப் பற்றியும், குளிரைப் பற்றியும், கோயில் திருவிழாவைப் பற்றியும், சாமத்தியச் சடங்கு நடந்த மண்டபத்தின் அலங்காரத்தைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். நகரத்தைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் எதுவும் இருக்காது. பிள்ளைகள் இரண்டு வேலை செய்கிறார்கள். கிடைக்கும் ஒரு விடுமுறை நாளில் காரில் ஏற்றிச் சென்று ஈபிள் கோபுரத்தின் கீழே நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மற்ற நாட்களெல்லாம் மூன்றாம் மாடி வீட்டின் யன்னலோரத்தில் கழிந்துவிடுகின்றன. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அவர்களின் உழைப்பை நேரில் கண்டிருக்கிறேன். நல்ல பொதுப் போக்குவரத்து உள்ள நகரங்களின் நடுவே இருந்துகொண்டு, யாராவது வந்து கூட்டிச் செல்வார்கள் என்று எங்கள் முதியவர்கள் காத்திருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே பேருந்தில் ஏறி இறங்கத் தெரிந்த எவரும் அந்த நகரங்களைத் தாமாகவே பார்க்கலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபையில் நேரக் கணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், பாரிஸுக்கு அருகில் வாழும் மகளிடமும் லண்டனில் வாழும் தம்பியிடமும் மனைவியுடன் போய்த் தங்கியிருந்த நாட்களில், அப்படித்தான் அவற்றைப் பார்த்தேன்.

எங்கள் தலைமுறையினரின் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வன்னியில் பயணம் என்பது நீண்ட காலம் விருப்பத்தோடு செய்யப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை. இடம்பெயர்ந்து நடந்தோம், பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனோம், சோதனைச் சாவடிகளில் பொதிகளை அவிழ்த்துக் காட்டினோம். வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்து, ரயிலையே காணாமல் திருமணமும் செய்துகொண்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அத்தகைய ஒரு மண்ணிலிருந்து போன தாயொருத்தி பாரிஸ் மெட்ரோவின் படிக்கட்டைக் கண்டு கால் தயங்கி நிற்பதை அறியாமை என்று எவரும் எண்ணக்கூடாது. ஒரு காரணமும் இல்லாமல், பார்ப்பதற்காக மட்டுமே ஒரு வீதியில் நடப்பது எங்களுக்குப் புதிது. அந்தச் சுகத்தை எங்கள் முதியவர்கள் ஒருமுறையேனும் அனுபவிக்க வேண்டும் என்பது என் ஆசை.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுள் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பிரான்ஸுக்கு அழைக்கும் பிள்ளை, தான் வசிக்கும் இடத்து நகரசபையில் வரவேற்பு அத்தாட்சிப் பத்திரம் பெற்று அனுப்ப வேண்டும்; அதன் மூலப் பிரதி கையில் இருக்க வேண்டும் என்பதால் தபாலுக்கான நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி தேவை. அந்த விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. விசாவில் அதைவிடக் குறைந்த நாட்கள் எழுதப்பட்டிருந்தால் அதுவே எல்லை. பிரான்ஸில் இருந்தபடி சுவிற்சர்லாந்துக்கும் ஜேர்மனிக்கும் நோர்வேக்கும் அதே விசாவில் போகலாம், லண்டனுக்குப் போக முடியாது. பிரித்தானியாவுக்குத் தனி விசா வேண்டும். 2025 ஒக்ரோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் வருகையும் புறப்பாடும் படத்துடனும் விரலடையாளத்துடனும் கணினியில் பதியப்படும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே இரண்டு நாள் கூடினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணித் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த முறை பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் வழியையும் அது அடைத்துவிடலாம்.

பொதி கட்டும் நாளில் வீட்டில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முல்லைத்தீவுக் கருவாடு, வன்னிக் காட்டுத் தேன், முருங்கைக்காய், கறிவேப்பிலை, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், வீட்டில் உருக்கிய நெய் என்று பெட்டி நிறைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இவற்றில் எது போகும், எது போகாது என்பதை எந்தப் பயணக் கட்டுரையும் எங்களுக்குச் சொன்னதில்லை. கருவாடு உள்ளிட்ட மீன் பொருட்களை ஒருவர் தன் பாவனைக்காக 20 கிலோ வரை கொண்டு செல்லலாம். தேன் 2 கிலோ வரை போகும். இறைச்சியும், இறைச்சி வற்றலும், நெய் உள்ளிட்ட பால் பொருட்களும் போகாது. மரக்கறிக்கும் பழத்துக்கும் இலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. எனவே முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் மாம்பழத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் சரி. ஒரு தாய் ஆசையோடு பொதி செய்ததை விமான நிலையத்தில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பது புரியும்.

மருந்துகளைக் கடையில் வாங்கிய உறையோடும், வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய துண்டோடும் கைப்பையில் வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் விமானச் சீட்டுப் பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. டோஹா, டுபாய் போன்ற இடைத்தங்கல் விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயிலுக்கு நடக்க வேண்டிய தூரம் அதிகம். அந்த நாற்காலியில் அமர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொழி தெரியாதவருக்கு அது வழிகாட்டியாகவும் அமைகிறது.

இனி நகரங்களுக்கு வருகிறேன். பாரிஸைப் பற்றி அதிகம் எழுத விரும்புகிறேன். அங்கேதான் நான் அதிகம் சுற்றினேன்.

1900இல் ஓடத் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவின் பல நிலையங்களில் இன்றும் படிக்கட்டு மட்டுமே உண்டு. 14ஆம் இலக்கப் பாதையில் மட்டும் எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இருக்கிறது. ஆகவே முதியவர்கள் மெட்ரோவை விடப் பேருந்தையே நம்பலாம். பேருந்துகள் தாழ்ந்த தளம் கொண்டவை, ஏறுவது எளிது, முதியோருக்கான இருக்கையில் இளைஞர் இருந்தாலும் கேட்டவுடன் எழுந்து இடம் தருகிறார்கள். ஏறும்போது சாரதிக்கு ஒரு போன்ஷூர் சொல்லுங்கள். கடைக்குள் நுழையும்போதும் அப்படியே சொல்லுங்கள். சொல்லாமல் நேரே விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். திசை அறிவதற்குப் பிரெஞ்சு மொழி வேண்டியதில்லை. எங்கள் பேருந்தின் நெற்றியில் கடைசி ஊரின் பெயர் இருப்பதுபோல, அங்கும் பேருந்தின் முன்பக்கத்திலும் மெட்ரோவின் மேடை வாயிலிலும் பாதையின் கடைசி நிலையத்தின் பெயர்தான் எழுதப்பட்டிருக்கும். போகும் திசையின் கடைசிப் பெயரையும் திரும்பும் திசையின் கடைசிப் பெயரையும் பிள்ளைகளிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் முறை மாறியது. மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் 2.50 யூரோ, பேருந்துக்கும் டிராமுக்கும் 2 யூரோ என்று அப்போது வைத்தார்கள். ஒன்றுக்கு எடுத்த சீட்டில் மற்றதற்கு மாற முடியாது. நவிகோ என்னும் அட்டையில் பணத்தை ஏற்றி, ஏறும்போது அதை அங்குள்ள கருவியில் ஒற்ற வேண்டும். வாரச் சீட்டு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு அல்ல, திங்கள் முதல் ஞாயிறு வரைக்கே செல்லும். வியாழக்கிழமை முழு விலை கொடுத்து வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். பரிசோதகர்கள் எந்த நிலையத்திலும் நிற்கக்கூடும் என்பதால் வெளியேறும் வரை அட்டையும் சீட்டும் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றும் சட்டைப் பையில் இருப்பது நல்லது. பொலிஸார் அடையாளம் கேட்கலாம்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் போகும் இடம் லாச்சப்பல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள அந்த வீதிகளில் சேலைக் கடையும் நகைக் கடையும் மரக்கறிக் கடையும் உண்டு. ஓகஸ்ட் கடைசியை ஒட்டி மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஓடும்போது அங்கே தேங்காய் உடைக்காத தெரு இல்லை. அதைப் பார்க்க வேண்டும்தான். ஆனால் லாச்சப்பலுக்குப் போனவர்கள் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே நின்று 38ஆம் இலக்கப் பேருந்தில் தெற்கு நோக்கி ஏறினால் அது செயின் ஆற்றின் நடுவே உள்ள தீவைக் கடந்து செல்லும். அங்கே இறங்கினால் 2019 ஏப்ரல் 15இல் தீப்பற்றி, 2024 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர டாம் தேவாலயத்துக்கு நடந்து போகலாம். உள்ளே செல்லக் கட்டணமில்லை. ஐந்தரை ஆண்டுகளுக்கு மேலாகத் தச்சரும் கல்தச்சரும் கண்ணாடி வேலைக்காரரும் உழைத்து மீட்ட அந்தக் கட்டடத்தை, இடிந்ததைக் கட்டுவது என்றால் என்னவென்று அறிந்த எம்மவர் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். மீண்டும் ஏறி ஆற்றுக்கு அப்பால் போனால் லுக்சம்பேர்க் பூங்கா. அங்கே பச்சைநிற இரும்புக் கதிரைகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டு மாலை வரை இருக்கலாம். எவரும் பணம் கேட்பதில்லை. நானும் மனைவியும் அங்கே அதிக நேரம் இருந்திருக்கிறோம். யூன் மாதத்தில் இரவு பத்து மணியை நெருங்கும் வரை வெளிச்சம் இருப்பதால் அவசரப்பட்டு எழவும் தேவையில்லை.

லாச்சப்பலிலிருந்து போகக்கூடிய இன்னோர் இடத்தை வன்னியிலிருந்து போகும் எவரும் தவறவிடக்கூடாது என்று நினைக்கிறேன். அங்கே 2ஆம் இலக்க மெட்ரோ வீதிக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. அதில் கிழக்குத் திசையில் ஏறினால் ஏழாவது நிலையம் பெர் லஷேஸ். அது ஒரு பெரிய மயானம். அதன் வெளிமதில் நெடுகிலும் முதலாம் உலகப் போரில் இறந்த பாரிஸ் நகரத்தவரின் பெயர்களைப் பொறித்த பலகைகள் 2018 நவம்பர் 11இல் திறந்து வைக்கப்பட்டன. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஆண்டு வாரியாக, அகர வரிசையில், தளபதி என்றும் சிப்பாய் என்றும் வேறுபாடில்லாமல் ஒரே அளவு எழுத்தில் அவை இருக்கின்றன. வீதியில் போகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள். பிரான்ஸின் சிற்றூர்களுக்குப் போனாலும் நகரசபைக்கோ தேவாலயத்துக்கோ அருகில் இப்படி ஒரு கல்லும் அதில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களும் இருப்பதைக் காணலாம். இறந்த எம்மவரின் பெயர்களை எழுதி வைப்பதற்கு ஓரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் மண்ணிலிருந்து போய் அந்த மதிலோரமாக நடந்தபோது எனக்கு உண்டான உணர்வை நான் வேறெந்த நகரத்திலும் பெறவில்லை. என் மனைவி ஒவ்வொரு பலகையிலும் ஒரு பெயரையாவது வாய்விட்டு வாசிக்க முயன்றாள்.

வெளியே செல்லும் முதியவர்களை வீட்டுக்குத் திரும்பத் துரத்துவது பெரும்பாலும் தண்ணீரும் கழிப்பறையும்தான். பாரிஸில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. நடைபாதைகளில் சாம்பல்நிறக் கூண்டு போன்ற தானியங்கிக் கழிப்பறைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன; பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும்; ஒருவர் வெளியேறியதும் தானாகவே கழுவிக்கொள்ளும் என்பதால், அது முடியும் வரை பொறுத்திருந்து பச்சை விளக்கு எரிந்த பின்னரே நுழைய வேண்டும். தண்ணீருக்கு, நான்கு பெண் உருவங்கள் குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் பச்சைநிற இரும்பு ஊற்றுகள் உண்டு. 1870, 1871ஆம் ஆண்டுகளில் முற்றுகையாலும் உள்நாட்டுச் சண்டையாலும் நகரத்தின் நீர் வழங்கல் பாழ்பட்டு ஏழைகள் குடிநீருக்கு அல்லற்பட்டபோது, ரிச்சர்ட் வொலஸ் என்னும் ஆங்கிலேயர் தன் செலவில் 1872 முதல் அவற்றை நிறுவச் செய்தார். கடுங்குளிர் மாதங்கள் நீங்கலாக இன்றும் அவற்றில் குடிநீர் வருகிறது. ஒரு வெற்றுப் போத்தலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈபிள் கோபுரத்தைப் பற்றி நீண்டதாக எழுத எனக்கு ஒன்றுமில்லை. 6ஆம் இலக்க மெட்ரோ பாஸி நிலையத்துக்கும் பிர் ஹக்கீம் நிலையத்துக்கும் இடையில் ஆற்றுக்கு மேலாகப் போகும்போது அது முழுமையாகத் தெரியும். வரிசையில் நின்று களைக்க வேண்டியதில்லை. அதைவிட, ஆசியக் கலைகளுக்கான கிமே அருங்காட்சியகத்துக்குப் போனால் சோழர் காலத்து வெண்கல நடராசரைக் காணலாம். செவ்வாய்க்கிழமைகளில் அதுவும் லூவர் அருங்காட்சியகமும் மூடியிருக்கும்.

லண்டனில் பேருந்துப் பயணம் பாரிஸை விட எளிது. 2014 முதல் பேருந்தில் காசு வாங்குவதில்லை. ஒய்ஸ்டர் என்னும் பயண அட்டையோ வங்கி அட்டையோ வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் ஒற்றினால் போதும். சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒற்ற வேண்டும், மறந்தால் கூடிய கட்டணம் அறவிடப்படும். நகரும் படிகளில் வலப்பக்கமாக நில்லுங்கள். இடப்பக்கம் அவசரமாக நடப்பவர்களுக்கானது. டிரபால்கர் சதுக்கத்தில் 15ஆம் இலக்கப் பேருந்தின் மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடித்தால், சென் போல்ஸ் தேவாலயத்தையும் லண்டன் கோபுரத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே செலவாகும்.

அங்கே நான் வற்புறுத்திச் சொல்வது பிரித்தானிய அருங்காட்சியகத்தை. நிரந்தரக் காட்சிகளுக்கு அனுமதி இலவசம். 33ஆம் இலக்கக் கூடத்தில் எங்கள் தீவின் தாரா தேவி நிற்கிறாள்: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்த, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும், பொன் முலாம் பூசிய வெண்கலச் சிலை. ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் அதை அங்கே கொடுத்தார். அமராவதியின் சிற்பங்களும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிழக்குக் கரையில் வார்க்கப்பட்டோ வழிபடப்பட்டோ இருந்த ஒன்றைப் பார்ப்பதற்கு அந்தக் கரையின் மக்கள் விசா எடுத்துக்கொண்டு போக வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்த வருத்தத்தோடேயே பார்க்க வேண்டிய சிலை அது. லண்டனில் வாழும் எம்மவர் பலர் தம் பிள்ளைகளை அதன் முன் கொண்டுபோய் நிறுத்தியதில்லை என்று அறிந்தேன். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றால் அந்தக் குறையும் தீரும்.

மற்ற நகரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஐரோப்பாச் சதுக்கத்தில் உள்ள சமயங்களின் இல்லம் 2014 டிசெம்பரில் திறக்கப்பட்டது; ஒரே கூரையின் கீழ் தமிழில் பூசை நடக்கும் சைவக் கோயிலும், பள்ளிவாசலும், தேவாலயமும், பௌத்த நிலையமும் இருக்கின்றன. ரயில் நிலையம் பக்கத்திலேயே உள்ளது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பெரும்பாலும் பூட்டு என்பதால் சமையலுக்கானதைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் போக முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வருகைக்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அறிவிப்புப் பலகையில் எங்கள் எழுத்தைக் கண்டதும் என் மனைவியின் நடையே மாறிவிட்டது. வெற்றிலை போடும் அம்மாமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாயில் போட்டு மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை, கொண்டுபோகக் கூடாது. ரொறன்ரோ தூரங்கள் அதிகமுள்ள, குளிரும் கடுமையான நகரம். அங்கே சென்று வந்த என் மைத்துனர், மாரியில் போக வேண்டாம் என்றும், பகற்பொழுதுக்கு ஸ்காபரோவின் பொது நூலகங்களில் தமிழ் நூல்களும் சூடான அறையும் உண்டு என்றும் சொன்னார்.

எங்கும் பொருந்தும் ஒரு நடத்தையைப் பற்றியும் எழுத வேண்டும். போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பின்னர், தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து, கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன் நின்று படம் எடுத்ததை நாங்கள் கண்டோம். அவர்களில் சிலர் எங்களிடம் பேசினார்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். வேறு சிலர் எங்களையும் அந்தத் தாங்கியோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே பாரிஸின் பாலங்களுக்குக் கீழே கூடாரத்தில் படுப்பவர்களையும், லண்டன் கடை வாசலில் போர்வையோடு இருப்பவர்களையும் கைபேசியில் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதை எம்மவர் செய்யக்கூடாது. அவர்களில் பலர் எம்மைப் போலவே எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஓடி வந்தவர்கள். லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் முதல் மாதங்களை எங்கே படுத்துக் கழித்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து இந்தப் பத்திரிகையை வாசிக்கும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். அம்மா தொலைந்துவிடுவா என்ற பயம் நியாயமானதே. அதற்கு வீட்டில் இருத்தி வைப்பது வழியல்ல. வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு ஒரே பேருந்தில் இருமுறை போய் வாருங்கள். முதல் முறை நீங்கள் முன்னால் நடவுங்கள், இரண்டாம் முறை அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். வீட்டு முகவரியையும் அருகிலுள்ள நிறுத்தத்தின் பெயரையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் அந்த நாட்டு மொழியில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கைபேசிக்கு உள்ளூர் சிம் அட்டை ஒன்று போட்டுக் கொடுங்கள். வழி தவறினால் நடந்துகொண்டே இராமல், நின்ற இடத்திலேயே நின்று அழைக்கும்படி சொல்லுங்கள். மூன்றாம் முறை அவர்களைத் தனியே விடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. வாரத்துக்கு ஒரு நகரம் என்று கால் பக்கம் ஒதுக்கினால் போதும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழி, அட்டையை எங்கே வாங்குவது, படிக்கட்டு இல்லாத நிலையங்கள் எவை, இலவசமாக அமரவும் தண்ணீர் குடிக்கவும் எங்கே முடியும், எந்த நாளில் எது பூட்டு, ஒரே பேருந்தில் இருந்தபடி நகரத்தின் பெரும்பகுதியைப் பார்க்க எந்த இலக்கத்தில் ஏற வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவதால் எழுதப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் கீழே குறிப்பிடுங்கள். அங்கே போய் வந்த வாசகர்களிடமே இவற்றைக் கேட்டு வாங்கலாம். ஒஸ்லோவைப் பற்றியும் மெல்பேர்ணைப் பற்றியும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மல்லாவியிலும் மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் இருக்கிறார்கள். பாரிஸையும் லண்டனையும் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நேரக் கணிப்பாளர்,
புதுக்குடியிருப்பு.